சுகுமாரி பேரில் பேசியவர்

கொல்லயில் பஞ்சாயத்துக்குள் வந்து சுந்தரதாஸ் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். எல்லைத் தமிழ் வாசிக்கிறவர் வீடு எது என்று கேட்டிருந்தால் ஒருத்தருக்குமே தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் குரல் யாருக்குத் தெரியாது? பொழியூர்க் கடற்கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவன் முதல் காரக்கோணம் ஆஸ்பத்திரி வாசலில் வெற்றிலை விற்கிறவள் வரைக்கும், செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் ஆறேகால் மணிக்கு அந்தக் குரலுக்குக் காது கொடுத்தார்கள். கேரளத்துக்குள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர்களுக்கென்று நகரத்து வானொலி நிலையம் 'எல்லைத் தமிழ்' என்ற பேரில் ஒதுக்கியிருந்தது வாரத்தில் மூன்று கால்மணி நேரம்தான். 1986 முதல் பதினொரு வருஷம் அதைச் சுமந்தது ஒரே தொண்டை. இந்த எல்லையில் வக்கீல் உண்டு, டாக்டர் உண்டு, காலேஜ் வாத்தியார் உண்டு. அத்தனை படிப்புக்கும் கிடைக்காத காது, ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன ஒருவருக்குக் கிடைத்தது.

அதுவும் யாருடைய சிபாரிசும் இல்லாமல். அப்பா பனையேறி. சுந்தரதாஸ் செங்கல் சூளையில் இரண்டு வருஷம் மண் மிதித்தார், சைக்கிள் கடையில் மூன்று வருஷம் பஞ்சர் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்கிறவர் ஒருநாள் காய்ச்சலில் விழ, போதகர் இவரை எழுப்பி நிறுத்தினார். ஒலிபெருக்கி பழுதாகிக் கிடந்த நாள் அது. கடைசி வரிசையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அன்றைக்கே தனக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நிலையத்தில் குரல் தேர்வுக்கு வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர். பாதிக்கு மேல் பட்டதாரிகள். மலையாளத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்து, அதைத் தமிழில் வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாம் எழுதிப் பார்க்கத் தாளும் பேனாவும் கேட்டார்கள். சுந்தரதாஸ் கேட்கவில்லை. கண்ணில் மலையாளம் ஏறியது, வாயில் தமிழ் இறங்கியது. நடுவில் ஒரு இடறல் கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டெக்னீஷியன் ராபின்சன் எழுந்து நின்று பார்த்தான் என்று சொல்வார்கள். அது உண்மைதான், ராபின்சனே பிற்பாடு ஒத்துக்கொண்டிருக்கிறான்.

வேலை லேசானதல்ல. காலையில் சைக்கிளை எடுத்தால் ஒரு நாள் பொழியூர், ஒரு நாள் காரக்கோணம், ஒரு நாள் நெய்யாற்றின்கரைச் சந்தை. கடல் எத்தனை வீட்டை எடுத்தது, எந்த வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் மாற்றலாகிப் போனார், எல்லாம் கேட்டு எழுதி, மத்தியானப் பாசஞ்சர் வண்டியில் நகரத்துக்குப் போய், எடுத்துவந்த பேச்சுகளை டேப்பில் வெட்டி ஒட்டி, ஆறேகாலுக்குச் சிவப்பு விளக்கு எரியும்போது மைக்கின் முன்னால் இருக்க வேண்டும். பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த விளக்கு இவருக்காகக் காத்திருந்ததில்லை.

சிக்கல் ஒன்றே ஒன்று. இவர் நிரந்தர ஊழியர் அல்ல, நாள் ஒப்பந்தத்தில் வாசிக்கிறவர். அப்படிப்பட்டவர்களுக்கு ஒருவர் பேரில் மாதத்துக்கு ஏழு நாளுக்கு மேல் ஒப்பந்தம் எழுதக் கூடாது என்பது நிலையத்தின் சட்டம். எல்லைத் தமிழோ மாதத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்று நாள். நிகழ்ச்சிக்குப் பொறுப்பான அதிகாரி கருணாகரன் நல்ல மனிதர், குழப்பம் விரும்பாதவர். இரண்டாவது ஆளைத் தேடிப் பார்த்தார், சரியாக வாசிக்க ஒருவரும் அமையவில்லை. கடைசியில் அவரே வழி சொன்னார். ஆறு நாள் சுந்தரதாஸ் பேரில், மீதி அவர் மனைவி பேரில். வாசிப்பது எப்போதும் சுந்தரதாஸ்.

சுகுமாரி பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பிரீடிகிரி வரைக்கும் படித்தவள். கருணாகரனின் அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டினாள், அதைக் குரல் தேர்வு என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவள் அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை. ஒப்பந்தத் தாள் வீட்டுக்கு வரும். மரச்சீனிக் கிழங்கு நறுக்குகிற கையைத் துடைத்துவிட்டு ஒப்பு போடுவாள்; கையெழுத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

இதனால் ஒரு விஷயம் கட்டாயமாயிற்று. மைக்கில் பேர் சொல்லக் கூடாது. தாளில் சுகுமாரி என்று இருக்கிற நாளில் சுந்தரதாஸ் என்று சொன்னால் அகப்பட்டுவிடும். "தாஸே, பேரு பறையண்டா கேட்டோ, செய்தி மாத்திரம் மதி" என்று கருணாகரன் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே பதினொரு வருஷமும் 'எல்லைத் தமிழ், வணக்கம்' என்று தொடங்கி 'வணக்கம்' என்றே முடித்தார். கடிதங்கள் 'எல்லைத் தமிழ் வாசிக்கும் ஐயா அவர்களுக்கு' என்று வந்தன.

பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே கிருஷ்ணன்குட்டியின் சாயாக்கடை. அங்கே ஒருநாள் எல்லைத் தமிழைப் பற்றிப் பேச்சு வந்தது. கிருஷ்ணன்குட்டி, அந்த ஆள் நாகர்கோவில்காரர், பெரிய பண்டிதர், தனக்கு நேரில் பழக்கம் என்றான். சுந்தரதாஸுக்குப் பொறுக்கவில்லை.

"அது நானாக்கும்வே" என்றார்.

கிருஷ்ணன்குட்டி சாயா ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எலே, அவரு பேசுத தமிழும் நீ பேசுததும் ஒண்ணா? அப்படின்னா நான் திருவிதாங்கூர் ராசாவாக்கும்."

கடை முழுக்கச் சிரித்தது. வேண்டுமானால் வாசித்துக் காட்டுகிறேன் என்று இவர் தொடங்கினார். நாலு வரி கேட்ட கிருஷ்ணன்குட்டி, "கொள்ளாம், அவர மாதிரியே பேசுதியே மக்கா. கோயில் திருவிழாவுக்கு மிமிக்ரிக்குப் போலாம்" என்றான்.

அந்தச் சிரிப்பு சுந்தரதாஸின் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. தன் கையால் தன்னை உண்டாக்கிக்கொண்ட மனிதன் வேறு எது இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வான், பேர் இல்லாமல் இருக்கப் பொறுக்க மாட்டான்.

1991 தொடக்கத்தில் 'தென்முனை' என்ற நாகர்கோவில் தினசரி, கேரள எல்லைக்கு ஒரு பக்கம் ஒதுக்க நினைத்து நிருபர் தேடியது. சுந்தரதாஸ் போனார். ஆசிரியர் இவர் எழுதிக்கொடுத்ததைப் பார்த்து அங்கேயே சரி என்றார். ஒரு நிபந்தனை சொன்னார்: பத்திரிகை நிருபர் எந்த அரசாங்க ஒப்பந்தத்திலும் பேர் வைத்திருக்கக் கூடாது. சுந்தரதாஸ் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. குரல்தானே வானொலிக்கு வேண்டும், பேர் பத்திரிகைக்குப் போகட்டும் என்று முடிவு செய்தார். வானொலி ஒப்பந்தத்திலிருந்து தன் பேரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுகுமாரியின் தங்கை ரத்னபாய் பேரைக் கொடுத்தார். கருணாகரனும் மறுக்கவில்லை. அவருக்கு ஆறேகாலுக்குக் குரல் வந்தால் போதும்.

சுகுமாரிக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை.

"உங்களுக்க பேர எடுத்துட்டு எனக்க பேரயும் அவளுக்க பேரயும் போட்டா, பின்ன அங்க நீங்க ஆரு?" என்று கேட்டாள்.

"அங்க தொண்டையே நானாக்கும். நாளைக்கு நான் போகலேன்னா அவனுக ஊமையாக்கும்" என்றார்.

அது பொய்யில்லை. அதனால்தான் அவருக்கு மேற்கொண்டு யோசிக்கத் தோன்றவில்லை.

மூன்று வருஷம் பத்திரிகையில் எழுதினார். எழுதியது நூற்றுக்கணக்கில் வரும். 'நமது நிருபர்' என்றுதான் பெரும்பாலும் போட்டார்கள். 'பாறசாலை சுந்தரதாஸ்' என்று முழுப் பேரும் அச்சில் வந்தது நாலு தடவை. அந்த நாலையும் வெட்டி ஒரு கெட்டி அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினார். கிருஷ்ணன்குட்டிக்கும் கொண்டுபோய்க் காட்டினார். பத்திரிகையில் எழுதுகிறவர் என்று அவன் ஒத்துக்கொண்டான். வானொலிக்காரர் என்று அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. 1993 முடிவில் தென்முனை எல்லைப் பக்கத்தை நிறுத்திவிட்டது. சுந்தரதாஸ் வானொலி ஒப்பந்தத்தில் மறுபடியும் தன் பேரைச் சேர்த்துக்கொண்டார். ரத்னபாய் கல்யாணமாகி நாக்பூர் போய்விட்டாள்.

1996இல் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நாள் ஒப்பந்தத்தில் இருப்பவர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். 91, 92, 93 மூன்று வருஷத்திலும் வருஷத்துக்கு எழுபத்திரண்டு நாள் வேலை செய்திருக்க வேண்டும், இப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும். தமிழுக்கு ஒரே ஓர் இடம்.

சுந்தரதாஸுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சைக்கிள் மிதித்து முழங்கால் தேய்ந்திருந்தது. மூத்தவன் ஷிஜு பிரீடிகிரியில், இளையவள் ஷீனா எட்டாம் வகுப்பில். இந்த ஓர் இடம் கிடைத்தால் சாகும்வரைக்கும் மைக் அவருடையது. கிடைக்காவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறொருவர் வருவார், நாள் ஒப்பந்தமே தமிழுக்கு இருக்காது. நடுவில் வேறு எதுவும் கிடையாது. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எல்லைத் தமிழுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். தமிழ் என்பதற்கு எதிரே ஒரே பேர்: சுகுமாரி.

அதற்கு மேலும் கீழும் வாசித்தார். பக்கத்துத் தாளையும் வாசித்தார். பிறகு கருணாகரனின் அறைக்குப் போனார். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த கருணாகரன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ஃபைலில் எது உண்டோ அதுதான் உண்டு என்றார். உண்மையை வெளியே விட்டால் தன் பென்ஷனும் போகும், சுந்தரதாஸின் மனைவி பேரில் போலி ஒப்பந்தம் என்று கேஸும் வரும் என்றார். கண்ணில் நீர் வந்தது அவருக்கு. அது உண்மையான கண்ணீர்தான், ஆனால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆறேகாலுக்கு சுந்தரதாஸ் வழக்கம்போல வாசித்தார். பொழியூரில் இன்னும் ஏழு வீடு கடலில் போன செய்தி. அடுத்த நாளிலிருந்து சாட்சி தேடத் தொடங்கினார்.

மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் இருந்தன, ஒன்றிலும் அவர் பேர் இல்லை. பழைய டேப்புகள் வேண்டும் என்று கேட்டார். ராபின்சன் தலையை ஆட்டினான். டேப் கிடைக்காத காலம், ஒலிபரப்பு முடிந்ததும் காந்தத்தில் வைத்து அழித்து அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். மூன்று வருஷக் குரலின் மேல் கச்சேரியும் பூச்சிமருந்து விளக்கமும் ஏறி உட்கார்ந்திருந்தன. நிலையத்தின் பதிவேட்டில் சுகுமாரி, ரத்னபாய், சுகுமாரி, ரத்னபாய் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

ஒன்று கிடைக்காமல் போகும்போது கையில் இருப்பதெல்லாம் ஆதாரமாகத் தோன்றும். கருணாகரனின் பேரையோ, பேர் மாற்றி எழுதிய விஷயத்தையோ சொல்லாமல், தான் நெடுங்காலமாகச் செய்தித் துறையில் இருப்பவர் என்று மட்டும் மனு எழுதினார். சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றி, தென்முனையில் பேர் போட்டு வந்த நாலு துண்டையும் மனுவோடு இணைத்தார். பதினைந்தே நாளில் பதில் வந்தது. குறிப்பிட்ட மூன்று வருஷமும் மனுதாரர் ஒரு தினசரியில் நிருபராக இருந்தது அவரே அனுப்பிய ஆதாரத்தால் உறுதியாகிறது, ஆகவே மனு தள்ளப்படுகிறது. துண்டுகளைத் திருப்பி அனுப்பவில்லை.

கடைசியில் அவரே சுகுமாரியை நிரந்தர வேலைக்கான குரல் தேர்வுக்குப் போகச் சொன்னார். இடம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது அவர் கணக்கு. அவள் வாசிக்கட்டும், செய்தி சேகரித்து எழுதிக்கொடுப்பது தானாக இருக்கட்டும். சுகுமாரி முதலில் மாட்டேன் என்றாள். எனக்கு அந்த வேலை அறியாது, ஊரான் முன்னால் பொய் சொல்லி நிற்க முடியாது என்றாள். ஷிஜுவின் படிப்பைச் சொல்லி, ஷீனாவைச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தார். மூன்று வாரம் அடுக்களைப் படியில் உட்கார வைத்து வாசிக்கப் பழக்கினார். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே விடக் கூடாது, எண்களை எப்படிச் சொல்ல வேண்டும் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவள் நன்றாகவே வாசித்தாள். அவர் நினைத்ததைவிட நன்றாக. ஒரு நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில்தான் அந்தக் கெட்டிக்காரர் கோட்டை விட்டார். பதினொரு வருஷம் மைக்கின் முன்னால் உட்கார்ந்தவர், உட்காருவது ஒரு வித்தை என்பதையே மறந்திருந்தார்.

97 ஜூலையில் தேர்வு. வெளியாட்களின் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து சுகுமாரி வெளியே வந்தாள், முகம் தெளிவாக இருந்தது. நெய்யாற்றின்கரை வழியாகப் போகிற பஸ்ஸில் இடம் கிடைத்ததும், அவர் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். அந்த அறை ஆஸ்பத்திரி போலக் குளிர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, யாராவது தொடங்கு என்று சொல்வார்கள் என்று இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் கையை வீசினான். யாரைக் கூப்பிடுகிறான் என்று இவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இருமல் வந்தது, மைக்குக்குள்ளேயே இருமினாள். இருமல் வந்தால் அமுக்க மேஜையில் ஒரு பொத்தான் உண்டாமே, அவளுக்கு அது எப்படித் தெரியும்?

"மூணு ஆபீசருமாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. பதினொரு வருசம் வாசிச்சதாட்டு எழுதியிருக்கு, இந்தப் பொத்தானத் தெரியாதான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உள்ளதச் சொல்லிட்டேன். வாசிச்சதெல்லாம் ஷிஜுக்க அப்பாவாக்கும், நான் ஒப்பு மட்டும்தான் போட்டேன்னு."

சுந்தரதாஸ் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கோவப்படுவாங்கன்னு பயந்தேன். ஒண்ணும் சொல்லேல்ல. அதுல ஒரு அம்மா, தண்ணி கொண்டாரச் சொல்லி எனக்குத் தந்தா. அப்படின்னா அத எழுதித் தாங்கன்னு நல்ல மரியாதையாட்டு கேட்டாங்க."

"எழுதிக் குடுத்தியா?"

"பின்னே? தமிழ்லயும் எழுதினேன், மலையாளத்துலயும் எழுதினேன். எந்த வருசம் தொட்டுன்னு கேட்டாங்க, அதயும் எழுதினேன். கருணாகரன் சாரு சொல்லித்தான் செய்தோம், சாரு தங்கமான மனுசன்னும் எழுதினேன். ஆளு வெளிய பெஞ்சுலதான் இருக்காரு, விளிச்சுக் கேட்டுப் பாருங்க, அந்தத் தொண்டைய அறியாதவங்க ஆரு உண்டுன்னும் சொன்னேன்."

பாலராமபுரத்தில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

"இனி உங்களத்தான் விளிப்பாங்க, பாத்துக்கிடுங்க. இத்தன நாளும் ஃபைலுல உங்களுக்க பேரு இல்லாததுனாலதானே? இப்ப எனக்க கையாலயே எழுதிட்டேன்லா."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது தப்பா?"

"நீ உள்ளதத்தானே சொன்னே" என்றார் சுந்தரதாஸ். பிறகு, தலை வலிக்கிறது என்றார். அவள் தன் தோளைக் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளிக்கொடுத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நிலையத்துக்குப் போனபோது வாசலில் இருந்த காவலாளி, உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றான். பதினொரு வருஷம் வணக்கம் சொன்னவன் அவன். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ராபின்சன் வெளியே வந்து தோளில் கை வைத்தான். அன்றைக்கு ஆறேகாலுக்கு நாதஸ்வரம் போட்டார்கள். அடுத்த மாதம் முதல் அந்த நேரத்தை மலையாள விவசாய நிகழ்ச்சியோடு சேர்த்துவிட்டார்கள். எல்லைத் தமிழ் என்னாயிற்று என்று கேட்டு முதல் வாரம் முப்பது கார்டு வந்ததாகவும், அடுத்த வாரம் ஆறு வந்ததாகவும், அப்புறம் வரவில்லை என்றும் ராபின்சன் பிற்பாடு சொன்னான். கருணாகரனின் பென்ஷனை நிறுத்தி வைத்தார்கள்.

அக்டோபரில் இரண்டு பதிவுத் தபால் வந்தன, ஒன்று அவர் பேருக்கு, ஒன்று சுகுமாரி பேருக்கு. தபால்காரர் தெரிந்தவர், இரண்டையும் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் வைத்தே இவர் கையில் கொடுத்தார். பேர் மாற்றி ஒப்பந்தம் எழுதி நிலையத்தை ஏமாற்றியதாக சுகுமாரி தன் கைப்பட ஒப்புக்கொண்டிருப்பதால், இருவர் பேரும் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன, இனி எந்த வானொலி நிலையத்திலும் இருவரும் வாசிக்கத் தகுதியற்றவர்கள் என்று இருந்தது. வழியில் வாய்க்கால் மதகு மேல் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தார். பிறகு இரண்டையும் கிழித்துத் தண்ணீரில் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சுகுமாரி, விளித்தார்களா என்று கேட்டாள். மூன்று மாதமாக அவள் தினமும் கேட்கிற கேள்வி அது. போதகர் வீட்டிலும், ரேஷன் கடையிலும் சொல்லி வைத்திருந்தாள்.

"கடுதாசி வந்தது. வயசு கடந்துபோச்சாம்" என்றார்.

"உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும். நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். பெண்ணுங்களுக்கு முப்பத்தஞ்சாம்."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறந்த தேதிக்கு யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு அவர் தட்டில் கஞ்சியை ஊற்றினாள், பயற்றை வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"அஞ்சு வருசம் முன்னாலேயே நான் போயி உள்ளத எழுதிக் குடுத்திருக்கணும். அப்போ உங்களுக்கு வயசு இருந்துதே" என்றாள்.

"ஆமா" என்றார் சுந்தரதாஸ்.